பவளத்துக்குக் கொடுத்த கை

பையைத் தொட்டதுமே பிரேமிளாவுக்கு அது சரியாகப் படவில்லை. தண்ணீர் சூடாக இருந்தது. கொழும்பில் இருந்து புறப்பட்ட லொறி கடுகண்ணாவ மண்சரிவில் மாட்டி, ராத்திரி முழுக்க மழையில் நின்றுவிட்டு, விடிந்த பிறகுதான் கண்டிக்கு ஏறி வந்திருந்தது. ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கைப் பெட்டி நனைந்து சில்லிட்டுக் கிடந்தது. உள்ளே இருந்த பை மட்டும், காய்ச்சல்காரர் இப்போதுதான் எழுந்துபோன பாயைப் போல வெதுவெதுவென்று இருந்தது.

"பெட்டி சூட்டைப் புடிச்சு வச்சிருக்கும்," என்றான் அவள் புருஷன் நடராஜா. சொல்லிவிட்டுப் பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது.

பைக்குள் இருந்தது உயிருள்ள பவளம், கடலில் விரல் விரலாக விரிந்து ஆடும் சாதி. வந்திருந்ததோ பிடித்த பிடியாகச் சுருங்கிப் போயிருந்தது. நிறம் போய், நீத்துத் தண்ணீரில் ஊறிய பழஞ்சோறு மாதிரி வெளுத்து, மேலெல்லாம் கோழை வழிந்துகொண்டிருந்தது. மீன் நாற்றம் இல்லை. பல நாள் படுக்கையில் கிடப்பவரின் வாய் நாற்றம். அந்த நாற்றம் அவளுக்குப் பழக்கமானது.

நடராஜா டவுனில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தான். முன்பு ஒருதரம் ஏரிப் பக்கத்து ஹோட்டலின் பெரிய தொட்டியில் அவன் வைத்துக் கொடுத்த பவளம் செத்து அழுகி, வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோக, மேனேஜர் எல்லார் முன்னாலும் அவனையே வெறுங்கையால் அள்ளிப்போட வைத்தார். அதற்குப் பிறகு அவன் அந்த ஹோட்டல் வாசலை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது அவர்களே இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்திருந்தார்கள். இதுவும் செத்தால் மனிதன் உடைந்துபோவான். அது பிரேமிளாவுக்குத் தெரியும்.

இறக்குமதி செய்து அனுப்பிய அம்ஜத் போனில் சொன்னான். "நடா அண்ணன், பயப்பட வாணாம். பயணக் களைப்பு. இருட்டான ரூம்ல, சத்தமில்லாத இடமா வைங்க. தண்ணிய சொட்டுச் சொட்டா விட்டுப் பழக்குங்க. இப்பவே தீனி போட வாணாம். முக்கியமா வெறுங்கை வைக்காதீங்க. கிளவுஸ் போட்டுத்தான் தொடணும்."

போனை வைத்துவிட்டு நடராஜா மனைவியின் கையைப் பார்த்தான். "அவனுக்கு என்னா தெரியும் ஒன் கையப் பத்தி."

அம்பிட்டிய ஏற்றத்தில் பிரேமிளாவின் கைராசி அறியாத வீடு இல்லை. கோழியை அடை வைக்க முட்டையை அவள் கையால் வைக்கச் சொல்வார்கள். பட்டுப்போன வெற்றிலைக் கொடியைக்கூட அவள் ஊன்றினால் தளிர்க்கும். படிப்பு இல்லை, பேச்சுச் சாமர்த்தியம் இல்லை. அந்தக் கை ஒன்றை வைத்துத்தான் அவள் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். கையை ரப்பருக்குள் போட்டு மூடினால் ராசி எப்படி இறங்கும்? நடராஜாவும் அப்படித்தான் நினைத்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டில் இருட்டான, சத்தமில்லாத அறை ஒன்றுதான். அதில் மாமனார் இராமநாதன் படுத்திருந்தார். முனிசிபல் சந்தைக் கந்தோரில் கிளாக்கராக அதட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஜன்னலை மறைத்துச் சாக்குத் துணி தொங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சின்னத் தொட்டியை வைத்தார்கள். நடராஜா மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுத் தண்ணீரைச் சொட்டவிட்டான். டொக். டொக். நீல வெளிச்சத்தில் கிழவரின் கண்கள் மட்டும் அசைந்தன.

பிரேமிளா முந்தானையைச் செருகிக்கொண்டு, சாமியை நினைத்து, வெறுங்கையால் பவளத்தை எடுத்துத் தொட்டிக்குள் இருத்தினாள். வழுவழுவென்று இருந்தது. விட்டுவிடப் பார்த்தாள். ஒரு நொடி அது விடவில்லை. பால் குடிக்கும் பிள்ளையின் வாய் போல விரல் நுனியை மெல்ல இழுத்தது.

மறுநாள் காலையில் பவளத்தின் ஓரத்தில் மண்ணிறம் ஏறியிருந்தது.

"பாத்தியா, பாத்தியா," என்று நடராஜா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "கைராசிக்காரி கை. அம்ஜத்துக்குப் படம் எடுத்து அனுப்பணும்."

அவள் சிரித்தாள். பிறகு சட்டி கழுவும்போதுதான் பார்த்தாள். தொட்ட விரல்களின் நுனி வெளுத்திருந்தது. உப்புத் தண்ணீர் என்று நினைத்தாள். தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். அடுத்த தடவை பவளத்தைத் திருப்பி வைத்தபோது வெள்ளை விரல் மடிப்பு வரை வந்தது. பவளம் இன்னும் கொஞ்சம் நிறம் வாங்கியது. கடல் நிறம் இல்லை அது. மாநிறம். அவளுடைய நிறம்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மகளுக்குப் பரிசம் போடுகிறார்களாம்.

"வெத்தலத் தட்ட நீ வந்து ஒன் கையால தொட்டுக் குடுத்துட்டுப் போ பிரேமிளா. அப்புறம் மாமியாக்காரி தலகீழா நின்னாலும் எம்புள்ளைய ஒண்ணும் செய்ய ஏலாது."

பிரேமிளா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "கையில சுடுதண்ணி ஊத்திக்கிட்டேன் அக்கா."

"எங்க, காட்டு."

"வேணாம் அக்கா. கட்டுப் போட்டிருக்கேன்."

புஷ்பம் அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். வெண்தோல் வந்தவளை நல்ல காரியத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? ஏற்றம் முழுக்கப் பேசும். அதற்குப் பிறகு அவள் தொட்டிக்குள் கை விடவில்லை.

பவளம் மறுபடி சுருங்கியது. ஓரத்தில் இருந்து வெளுத்தது. கோழை வழிந்தது. கடையில் இருந்து வந்த நடராஜா கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஏன் பிரேமி, ஒன் கைக்கு என்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் மத்தியானம் மழை கொட்டியது. அவன் கடைக்குப் போயிருந்தான். கூரைத் தகரத்தின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. சப்பென்று ஒட்டி, சப்பென்று விடுகிற சத்தம். பிரேமிளா மாமனாருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய இடது கை கட்டிலின் ஓரத்தில் கிடந்தது. உணர்ச்சி இல்லாத கை. ஊசி போட்டாலும் தெரியாத கை. யாரும் பார்க்காத கை.

தொட்டி பக்கத்திலேயே இருந்தது.

"மாமா, கொஞ்சம் கைய குடுங்க," என்றாள். குரல் அவளுடையது போல இல்லை. "ஒங்களுக்கு வலிக்காது மாமா. ஒங்க மகனுக்காகத்தான்."

கிழவர் அவளைப் பார்த்தார். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் அந்தக் கையைத் தூக்கித் தண்ணீருக்குள் விட்டாள். பவளம் திறந்தது. ஒவ்வொரு விரலாக, சோம்பல் முறிப்பது போல, கொழுத்து, பளபளத்து, அந்தக் கையைச் சுற்றி விரிந்தது. பிரேமிளா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருதரம் செய்தால் போதும் என்றுதான் நினைத்தாள். ஒருதரத்தோடு எது நின்றிருக்கிறது? சோறு ஊட்டியதும் அந்தக் கை தொட்டிக்குள் போகும். உடம்பு துடைத்ததும் போகும். நடராஜா வரும் முன் ஈரத்தைத் துடைத்து, முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டு, கழுத்து வரை போர்த்திவிடுவாள். "மாமாவுக்குக் குளிருது போல." அவன் கேட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிவிடுவான். அவன் விசிலடித்துக்கொண்டு குளிப்பதை வெகு நாளைக்குப் பிறகு கேட்டாள். அந்த விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

கிழவரின் கையில் வெள்ளை மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கை. தோள். சட்டையைக் கழற்றும்போது அவள் கண்ணை மூடிக்கொள்ளப் பழகினாள். கிழவரின் கண்ணைப் பார்க்காமல் ஊட்டப் பழகினாள். கரண்டி மூக்கில் இடிக்கும். அவர் வாயைத் திறந்து தேடி வாங்கிக்கொள்வார்.

ஹோட்டல்காரர்கள் பவளத்தை எடுக்க வருகிற நாளும் வந்தது. மழை விட்டிருந்தது. கடைசியாக ஒருதரம் உடம்பு துடைத்துவிட அவள் சட்டையை விலக்கினாள். துணி எங்கேயோ மாட்டியது. குனிந்து பார்த்தாள். வெளுத்த தோல் முழுக்க ஊசித் துளைகள். நெருக்கமாக, வரிசையாக. ஒவ்வொரு துளைக்குள்ளும் கண்ணாடி நூல் போல ஏதோ ஒன்று. சாக்குத் துணியின் கிழிசல் வழியே விழுந்த வெயில் பட்டதும் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டன. அவளுடைய நிழல் விழுந்ததும் எல்லாம் வெளியே வந்தன.

சட்டையை இழுத்து மூடினாள். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கொஞ்சம் தூக்கினாள். தொடை. முழங்கால். பாதம்.

அங்கேயும்.

தொட்டிக்குள் பவளம் அழகாக ஆடிக்கொண்டிருந்தது. பழுத்த மாநிறம். நரைத்த மயிர் போன்ற நுனிகள்.

"வந்துட்டாங்க," என்று நடராஜா உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நெற்றியில் திருநீறு. "மேனேஜரே வந்திருக்காரு பிரேமி. என் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. ரோட்டுல, எல்லாரும் பாக்க."

அவள் அவசரமாகப் போர்வையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

"தள்ளு. அப்பா கால்ல விழுந்துட்டுத்தான் தொட்டியத் தூக்கணும்."

"அப்புறம் கும்புடலாம். அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"இருக்கட்டும். ஒரு நிமிசம்."

சொல்ல வேண்டும். கால் வேண்டாம், தொடாதே. ஏன் என்று கேட்பான். சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கையை வைத்ததை. சுவரைப் பார்த்து நின்றதை. வாசலில் மேனேஜர் நிற்கிறார். படலைக்கு அந்தப் பக்கம் புஷ்பம் அக்காவின் சத்தம் கேட்கிறது.

நடராஜா அவளை மெதுவாக ஒதுக்கினான்.

கிழவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மெல்ல எழுந்தது. போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது. வெளியே தெரிந்த இடது விரல்களை இழுத்து மூடியது. மருமகள் செய்ததை மகன் பார்க்கக்கூடாது. கால் பக்கத்துப் போர்வையையும் இழுத்துச் செருகப் பார்த்தார். எட்டவில்லை. திரும்ப நீட்டினார். எட்டவில்லை. கண்ணில் நீர் வழிந்தது.

சொல். இப்போதாவது சொல்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

நடராஜா முழங்காலிட்டான். தலை குனிந்தான். போர்வை அசைந்தது. கழுத்தில் இருந்து பாதம் வரை துணி சின்னச் சின்ன முனைகளாக எழும்பியது. அத்தனை முனைகளும் மெதுவாக, ஒன்றாக, அவன் பக்கம் சாய்ந்தன.

அவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் போர்வைக்குள் விட்டான்.