மூணு மணிச் சங்கு

மூணு மணிக்கு மில் சங்கு ஊதியது.

டீ கிளாஸைக் கீழே வைத்து எழுந்து நின்ற பிறகுதான் மலையாண்டிக்கு உறைத்தது. சமயநல்லூருக்கு மேற்கே இருந்த அந்த நூல் மில்லை மூடிப் பதினோரு வருஷம். சங்கையும் மிஷின்களையும் பழைய இரும்புக்கு ஏற்றிய அன்று, லாரிக்குக் கேட் திறந்துவிட்டவரே அவர்தான். முப்பது வருஷம் அதே மில்லில் அறுந்த நூலை ஒட்டியவர். இப்போது வாட்ச்மேன்.

உள்ளே அவர் மகன் ஜெயபாண்டி இருந்தான், ஒரு பாட்டுக் கோஷ்டியோடு. பாட்டென்றால் ராகம் கிடையாது. இரும்பைத் தட்டுவார்கள், மிஷின் இரைச்சலை ஸ்பீக்கரில் அலறவிடுவார்கள். எல்லாரும் கருப்புச் சட்டை. சாமி இல்லை என்கிற கட்சி, பூசை மாந்திரீகம் என்று போகமாட்டார்கள் என்று நம்பித்தான் காலையில் சாவியைக் கொடுத்தார்.

"தகரத்தைத் தட்ட இம்புட்டு வயரா மாப்ள?" என்று அப்போது கேட்டார்.

தலைவன் விஜய்ஆனந்த் சிரிக்கவில்லை. "இது பாட்டு இல்லங்கய்யா. புது ராஜ்யம். வலுவில்லாதவன் விறகு. மிஷின் அவனைத் தின்னாத்தான் உலகம் சுத்தமாகும்."

"நாங்களும் யூனியன்ல ராஜ்யம் பேசுனோம். சோத்துக்குப் பேசுனோம்."

"சும்மா இருப்பா, உனக்குப் புரியாது," என்றான் ஜெயபாண்டி.

இப்போது பையனை வெளியே இழுத்து வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஷெட்டுக்குள் நுழைந்ததும், கூரை ஓட்டைகளில் இறங்கிய வெயில் தூசியில் கம்பி கம்பியாக நிற்க, துருவையும் எலிப் புழுக்கையையும் மீறி, சூடேறிய எண்ணெயும் பஞ்சும் கலந்த பழைய ஷிப்ட் வாசனை அவர் நெஞ்சில் ஏறியது. தரையில் மிஷின்களைப் பிடுங்கிய போல்ட் குழிகள்தான் இருந்தன. ஆனாலும் வரிசை வரிசையாக நூல் முறுக்கும் ஸ்பிண்டில்கள் சுற்றும் இரைச்சல். ஸ்பீக்கர் வயர்கள் கழன்று கிடந்தன.

குழிகளைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம். உள்ளே என்னென்னவோ கிறுக்கல். பூசையேதான். ஏமாந்துவிட்டார்.

வட்டத்தைச் சுற்றிக் கருப்புச் சட்டைகள் மண்டியிட்டிருந்தன. நடுவில் ஜெயபாண்டி.

"எலேய், வா போவோம்."

மகனின் வாய் மட்டும் திறந்திருந்தது.

வாயிலிருந்து ஒரு வெள்ளை இழை. விறைப்பாக. முறுக்கேறிக்கொண்டே இருட்டுக்குள் போனது. அவன் கன்னம் ஒட்டியிருந்தது. காலையில் பார்த்த உடம்பில் பாதிதான் மிச்சம்.

பாய்ந்து இழையை அறுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

இரைச்சல் நின்றது. மகனின் கண் அசைந்தது.

"அப்பா... வீட்டுக்குப் போயிருவோம்ப்பா."

"போவோம்டா. கையப் பிடி."

சங்கு ஊதியது.

மலையாண்டியின் முதுகு தானாகக் குனிந்தது. விரல்கள் தானாக நீண்டன. அறுந்த முனைகளைத் தேடின. பிடித்தன. ஒரு திருகு.

ஒட்டிக்கொண்டது.

மறுபடி அறுத்தார்.

மறுபடி ஒட்டினார்.

ஜெயபாண்டி அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.