அப்தெஷ்மூனின் காதெலும்பு

“பெயர் கல்லிலேயே இருக்கிறது. அப்புறம் எலும்பு எதற்கு?” என்று பேராசிரியர் மன்சூர் கேட்டபோது, புளோரா மோத்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

துனிசியக் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரு மொட்டைப் பாறைத் தீவு. அதன் அடியில், கடலுக்குள் வாய் திறந்திருக்கும் ஒரு குகை. போன வாரம் அதில் மூழ்கி நுழைந்த அகழாய்வாளர் ஹைஃபா, உள்ளே தண்ணீர் ஏறாத ஓர் அறையைக் கண்டுபிடித்தாள். அங்கே ஓர் ஆளின் எலும்புகள். தலைமாட்டில் ஒரு கல். கல்லில் பினீசிய எழுத்தில் ‘அப்தெஷ்மூன்’ என்று வெட்டியிருந்தது. பழைய எலும்புகளில் மரபணுவைத் தேடிப் படிப்பது புளோராவின் தொழில். அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

“எஷ்மூன் என்பது கடலின் கிழக்குக் கரையில், பினீசியர்களின் தாய்மண்ணான சீதோன் பட்டணத்துச் சாமி. அந்தச் சாமி பெயரை வைத்தவன் சீதோனிலிருந்து கப்பலேறி வந்த வம்சம். முடிந்தது விஷயம்,” என்றார் மன்சூர். “குகையின் கூரை விரிசல் விட்டுக் கிடக்கிறது. வரப்போகிற காற்றில் விழுந்துவிடும். நான் யாரையும் அனுப்ப மாட்டேன். நீங்களாகப் போவதென்றால் போங்கள். ஆமாம், மோத்தா என்கிறீர்களே, உங்கள் முன்னோர் போர்ச்சுகல்காரர்களா?”

போதாதா! பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த கேள்வி, துனிசியா வரை துரத்திக்கொண்டு வந்துவிட்டது. தூத்துக்குடிப் பரதவர் வீடுகளில் மோத்தா, மச்சாது, கோமஸ் என்றெல்லாம் பெயர் உண்டு. அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் கொடுத்த போர்ச்சுகீசியர் விட்டுப்போன பெயர்கள் அவை. பெயர் வந்ததே தவிர ரத்தம் வரவில்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லி அவள் வாய் வலித்திருக்கும்! குகைக்குள் கிடக்கிறவனுக்கோ எடுத்துச் சொல்ல வாய்கூட இல்லை. கூரை விழுந்தால் உலகம் உள்ளவரை அவன் சீதோன்காரன்தான். அப்படி விட்டுவிடப் புளோராவுக்கு மனசில்லை.

“காலையில நானே இறங்குறேன் சார்,” என்றாள்.

விடிந்ததும் படகில் மூன்று பேர் கிளம்பினார்கள். புளோரா, ஹைஃபா, அப்புறம் புளோராவின் பெரியப்பா மகன் இன்னாசி. கத்தாரில் கடலுக்கடியில் குழாய் பதிக்கிற வேலை அவனுக்கு. தங்கை கூப்பிட்டாள் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

“ஏட்டி, காத்து திரும்புது பாத்துக்கோ,” என்றான் இன்னாசி, அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டியபடியே. “நான் ரெண்டு இழுப்பு இழுத்தேன்னா, கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு வந்துரணும். கேட்டியா?”

“கேட்டுச்சுண்ணே.”

“கேட்டுச்சுன்னு சொல்லுத மூஞ்சியா இது?”

புளோரா சிரித்துக்கொண்டே தண்ணீரில் குதித்தாள். ஹைஃபாவின் விளக்கைப் பின்தொடர்ந்து பாறையைத் தடவித் தடவி உள்ளே போய், மூச்சு முட்டுவதற்குள் அந்த அறையில் தலை தூக்கினாள்.

அப்தெஷ்மூன் ஒரு பாறைத் திட்டின்மேல் பக்கவாட்டில் படுத்திருந்தான். புளோராவுக்கு வேண்டியது அவன் மண்டைக்குள் காதையொட்டி இருக்கும் ஓர் எலும்பு. கட்டைவிரல் அளவுதான். கல் மாதிரி கெட்டி. மற்ற எலும்புகளில் இருக்கும் மரபணுவை வெக்கையும் ஈரமும் தின்று தீர்த்துவிட்டாலும், இதற்குள் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பினால், ஹைஃபா ஒரு துண்டைப் பொறுக்கி நாக்கில் ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! அகழாய்வாளர்களின் பழைய பழக்கம் அது. எலும்பென்றால் நாக்கில் ஒட்டும், கல்லென்றால் ஒட்டாது.

“அடிப்பாவி, கீழ போடு!” என்று கத்தினாள் புளோரா. ஹைஃபாவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அது நன்றாகவே புரிந்தது.

“வெறும் விலா எலும்புதான்,” என்றாள் ஹைஃபா ஆங்கிலத்தில். “கை பழகிப்போச்சு.”

“கையா? நாக்கு! எச்சில் பட்டா அவன் பாட்டன் பூட்டனுக்குப் பதிலா உன் பாட்டன் பூட்டன்தான் கணினியில வருவாங்க. அந்த நாக்கை வாய்க்குள்ளேயே வெச்சுக்கோ.”

சொல்லி வாய் மூடவில்லை, தலைக்குமேல் பாறை முனகியது. ஒரு பெரும் பாளம் பெயர்ந்து திட்டின்மேலேயே விழுந்தது. ஹைஃபாவின் தோளில் அடி. விளக்குகள் நொறுங்கிவிட்டன. ஒரே இருட்டு. வாயெல்லாம் சுண்ணாம்புத் தூசி. வெளியே அலை கனத்து, அறைக்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

இடுப்புக் கயிறு இரண்டு முறை இழுபட்டது.

புளோரா கயிற்றை அவிழ்த்து ஹைஃபாவின் இடுப்பில் கட்டினாள். “நீ முதல்ல போ. அண்ணனைக் கயிறைத் திரும்ப அனுப்பச் சொல்லு.”

“நீ?”

“அவன் காதை எடுத்துட்டு வர்றேன்.”

தனியாக நின்றபோது பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை திட்டைத் துழாவியது. பாளம் மண்டையோட்டைப் பொடித்திருந்தது; கெட்டியான காதெலும்பு மட்டும்தான் நொறுங்காமல் தப்பியிருக்கும். விரலுக்குத் தட்டுப்பட்டதெல்லாம் கட்டைவிரல் அளவுத் துண்டுகள், எல்லாமே கெட்டி, எல்லாமே தூசி. எது காதெலும்பு, எது கூரைக் கல்? அள்ளிக்கொண்டு போகலாமென்றால் ஒரு கூடை தேறும். அவளிடம் இருந்ததோ உள்ளங்கையளவு டப்பா. தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது.

வழி ஒன்றுதான். அதை நினைத்தாலே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“பனிமய மாதாவே, மன்னிச்சுக்கோ. ஐயா அப்தெஷ்மூன், நீரும் மன்னிச்சிரும்,” என்று முணுமுணுத்துவிட்டு, புளோரா நாக்கை நீட்டினாள்.

கல். எறிந்தாள். கல். அதுவும் கல். பல்லில் மணல் நறநறத்தது. தண்ணீர் திட்டைத் தொடப்போன நேரத்தில், ஒரு துண்டு நாக்கைக் கவ்விப் பிடித்துக்கொண்டது.

அதை டப்பாவில் போட்டு மூடி மார்போடு செருகிக்கொண்டாள். மூச்சைப் பிடித்து மூழ்கி, வந்த வழியே பாறையைத் தடவிக்கொண்டு போய், குகை வாயில் இன்னாசி விட்டிருந்த கயிற்றைப் பிடித்தாள். அடுத்த நொடி அவன் இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. அவள் படகில் விழுந்து இருமிக்கொண்டிருக்கையில், தீவுக்கடியில் குகை இடிந்து விழுந்த சத்தம் கேட்டது.

இன்னாசியின் முகம் வெளுத்திருந்தது. “ரெண்டு இழுப்புன்னா என்னான்னு சொன்னேன்? பெரியவன் ஒரு சொல் சொன்னா கேக்கியா நீ?” என்று திட்டினான். திட்டிக்கொண்டே தன் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான். ஹைஃபா டப்பாவைப் பார்த்துவிட்டு, தோள் வலியோடு அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

முடிவு வரச் சில மாதம் ஆயிற்று. எலும்பின் மேற்புறத்தைச் சுரண்டிய தூளில் முதலில் கிடைத்தது ஒரு பெண்ணின் மரபணு. தென்னிந்தியக் கடலோரத்துக்காரி. ஆய்வுக்கூடத்து ஆட்களின் மரபணுப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள், அப்படியே புளோராதான். ஹைஃபா போனில் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. “அந்த நாக்கை எங்கே வெச்சுக்கச் சொன்னே?” என்று கேட்டாள்.

பிறகு எலும்பின் உள்மையத்தைத் துளைத்தார்கள். எச்சில் எட்டாத இடம் அது. அங்கே அப்தெஷ்மூன் இருந்தான். ஒரு பக்கம் சிசிலித் தீவின் சாயல், ஒரு பக்கம் துனிசியக் கரையின் பூர்வகுடிகளின் சாயல். சீதோன் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. சீதோனின் பேச்சைப் பேசி, சீதோனின் சாமியைக் கும்பிட்டு, அந்தச் சாமியின் பெயரையே பிள்ளைக்கு வைத்த இந்தப் பக்கத்து மக்களின் மகன் அவன்.

புளோரா அறிக்கையோடு துனிசியாவுக்குத் திரும்பினாள். மன்சூர் அதை இரண்டு தடவை படித்தார். “அப்படியானால் அருங்காட்சியகப் பலகையில் என்ன எழுதுவது? பினீசியன் என்பதை எடுத்துவிடவா?” என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“எதுக்கு சார் எடுக்கணும்? அவன் அந்தப் பேரோடதான் வாழ்ந்தான், அந்தப் பேரோடதான் அடக்கமானான். அது அவனோடது. ரத்தம் எங்க இருந்து வந்துச்சுங்கறதை மட்டும் கீழ சேர்த்து எழுதுங்க.”

அப்படியே எழுதினார்கள். திறப்பு விழாவுக்கு வந்த பிரெஞ்சு விருந்தாளி ஒருவர் புளோராவின் பெயர் அட்டையைக் குனிந்து பார்த்தார். “மோத்தா... போர்ச்சுகலா?”

புளோரா வாயைத் திறப்பதற்குள் மன்சூர் முந்திக்கொண்டார்.

“பெயர் மட்டும்தான் போர்ச்சுகல். ஆள் தூத்துக்குடி,” என்றார். “எங்கள் எலும்பிலேயே சோதித்துப் பார்த்துவிட்டோம்.”