மூன்றாம் எண் புட்டி

நிலவில் பரோட்டாவுக்கு மாவு வீசுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். வீசிய மாவு மேலே போகும், போய்க்கொண்டே இருக்கும். அது கூரை வலையைத் தொட்டு, மனசு வந்து கீழே இறங்குவதற்குள் தவசிக்கனி அடுத்த உருண்டையைத் தட்டி, கல்லில் கிடப்பதைத் திருப்பிப் போட்டு, சாப்பிட வந்தவர்களில் ஒருவரோடு சண்டையும் போட்டு முடித்திருப்பான். இருட்டுக்குழியில் பனிக்கட்டி ஏற்றும் லாரிக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. காற்றுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பெஞ்சில் இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு, மூடி போட்ட கிண்ணத்தில் சால்னாவை உறிஞ்சுவார்கள்.

அன்று காலை மாவு வலையிலேயே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. தவசிக்கனி வாசலைப் பார்த்துக்கொண்டே வீசியிருந்தான். கடையின் ஒயின் பட்டியலைச் சோதிக்க ஆள் வருகிறது.

பரோட்டாக் கடைக்கு எதற்கு ஒயின் பட்டியல்? சட்டம். நிலவுக் குடியிருப்புக்குச் சட்டம் எழுதச் சொன்னால், படித்தவர்கள் பூமியில் ஏதோ ஒரு சுற்றுலாத் தீவின் சட்டத்தைப் பெயர்த்து எடுத்து, தீவு என்று இருந்த இடத்தில் எல்லாம் நிலவு என்று போட்டுவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்படி, தேர்ச்சி பெற்ற ஒயின் பட்டியல் இருந்தால் அது உணவகம். இல்லாவிட்டால் தீனிக்கொட்டகை. உணவகத்துக்குக் குழாயில் முழுக் காற்று வரும். தீனிக்கொட்டகைக்கு அரைக் காற்று. அரைக் காற்றில் உறையைக் கழற்ற முடியாது. உறையோடு பரோட்டா தின்னவும் முடியாது. ஆகவே கடையை மூட வேண்டியதுதான்.

கடை தவசிக்கனியின் மனைவி ஜெயக்கொடியுடையது. ராக்கெட்டில் ஆளுக்கு இவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்த்தபோது, சேலைகளை இறக்கி வைத்துவிட்டுப் பரோட்டாக் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தவள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது, வேண்டவும் வேண்டாம்.

பட்டியல் சுவரில் தொங்கியது. ஐந்து ஒயின்கள், பக்கத்துக் குழியில் விளக்கொளியில் காய்த்த திராட்சை. ஒன்றையும் யாரும் இதுவரை கேட்டதில்லை. ஒவ்வொன்றின் அருமை பெருமையையும் ஏதோ ஓர் எழுத்து இயந்திரம் எழுதியிருந்தது. மூன்றாம் எண்ணுக்கு நேரே இப்படி இருந்தது: 'மழைக்குப் பிந்திய செம்மண், பழைய தோல், தூரத்தில் ஒரு செர்ரி.'

"தூரத்துல கெடக்க செர்ரிய நாம எதுக்கு மைனி இங்க உக்காந்து குடிக்கணும்?" என்றான் சுடலைமணி. லாரி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. "பழைய தோலுக்கு என் பூட்ஸ மோந்தா போதாதா?"

"நீரு வாய மூடிட்டுத் தின்னும். அவிய வார நேரம்" என்றாள் ஜெயக்கொடி.

காற்றுப்பூட்டு திறந்தது. உள்ளே வந்தது சுவைமதிப்பான் என்ற இயந்திரம். மனித உருவம், வெள்ளைச் சட்டை, கசங்காத முகம். அதன் நாக்கு ஈரத் தாள் போன்ற ஒரு சவ்வு. ஒரு சொட்டு பட்டால் போதும், திராட்சை எந்த விளக்கின் கீழ் காய்த்தது, பறித்தவன் கை கழுவினானா என்பது வரை சொல்லிவிடும் என்று ஊரில் பேச்சு.

அது பட்டியலைப் படித்துவிட்டு, "மூன்றாம் எண்" என்றது.

ஜெயக்கொடி அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து, சொல்லிக் கொடுத்தபடி கையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டு நின்றாள். அப்போதுதான் பெருங்காய வாடை அவள் மூக்கில் ஏறியது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். தவசிக்கனி நாக்கைக் கடித்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் குனிந்தான்.

நடந்தது இதுதான். யாரும் சீண்டாத அந்த ஒயினை அவன் காற்றுப்பூட்டுக் கதவின் கீலில் ஊற்றித் துருவை எடுத்தான். துருவுக்கு நன்றாகவே கேட்டது. மிச்சமான புட்டி, தடித்த கண்ணாடி, இறுக்கமான மூடி. அதைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? ரசத்துக்குக் கரைத்த புளித்தண்ணீரை அதில் ஊற்றி வைத்துவிட்டான்.

சுவைமதிப்பான் கிண்ணத்தைச் சுழற்றியது. புளித்தண்ணீர் விளிம்பு வரை ஏறிச் சோம்பலாக இறங்கியது. மோந்தது. கண்ணை மூடியது. உறிஞ்சியது. கடையில் ஒருவரும் மெல்லவில்லை. ஜெயக்கொடிக்குக் காற்றுக் குழாய் அடைபடும் சத்தமே காதில் கேட்டது.

இயந்திரம் தலையை மேலும் கீழும் ஆட்டியது. "நன்று. பட்டியல் தேர்ச்சி."

பிழைத்தோம் என்று அவள் சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. அருகில் போய்க் குரலைத் தாழ்த்தி, "ஐயா, குடிச்சது என்னன்னு தெரியுமா?" என்றாள்.

"தெரியும். புளி, கல்லுப்பு, சீரகம், பெருங்காயம். திராட்சை இல்லை. மூடியில் கொஞ்சம் கிரீஸ்."

"பெறவு எதுக்குத் தலைய ஆட்டினிய?"

"மனிதரைப் போலச் சுவைக்கத்தான் என்னைச் செய்தார்கள். உணவகங்களில் மனிதர்கள் ஒயின் குடித்த கோடிக்கணக்கான காட்சிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒருவர் ஒரு வாய் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் நிற்பார். மற்றவர் குடித்துவிட்டுத் தலையாட்டுவார். சிலருக்கு ஊற்றியது காடி. ஒருவருக்கு விளக்கெண்ணெய். ஒருவருக்குத் தொண்டையில் தக்கைத் துண்டு மாட்டியது. இருமி முடித்துவிட்டுத் தலையாட்டினார். ஆகவே சுவைப்பது என்றால் தலையாட்டுவது என்று புரிந்துகொண்டேன்."

"நல்லா இல்லன்னு ஒருத்தருமா சொல்லல?"

"எனக்கு முன் செய்த இயந்திரம் ஒரு முறை சொன்னது. மனிதத்தன்மை போதவில்லை என்று அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "ஆனால் கலந்திருந்தவற்றை அறிக்கையில் எழுதிவிட்டேன். எனக்குப் பொய் எழுத வராது. மதியம் உரிம அதிகாரி வந்து இதே புட்டியிலிருந்து குடித்து உறுதி செய்வார்" என்று சொல்லி, புட்டிக்கு முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டது.

ஜெயக்கொடி புருஷனிடம் வந்தாள். "கடையக் கொண்டு புளிக்குள்ள முக்கிட்டீரே!"

"புட்டி நல்ல புட்டில்லா, கொடி..."

"அத வச்சுக் கும்பிடும். அந்தாளு வந்ததும் உள்ளத நானே சொல்லிடுதேன். கால்ல விழுந்தாவது காத்த வாங்கணும்."

மதியம் அதிகாரி குணபாலன் வந்தார். நகரத்து ஆள், உறையில்கூட மடிப்புக் கலையவில்லை. மணிக்கட்டுத் திரையில் அறிக்கையைத் திறந்து, விரலால் ஒரே தள்ளாகக் கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கொண்டு போனார். நடுவில் இருந்ததை அவர் கண் தொடவே இல்லை.

முத்திரையை உடைக்கும் முன் ஜெயக்கொடி கையைக் கூப்பினாள். "சார், உள்ளத சொல்லிடுதேன். இதுல இருக்கது புளித்தண்ணி."

குணபாலன் சிரித்தார். "நம்ம சரக்க நாமளே தாழ்த்திப் பேசக்கூடாதும்மா. ஊத்துங்க."

ஊற்றினாள். அவர் சுழற்றினார், மோந்தார், குடித்தார். காது இரண்டும் சிவந்தன. தொண்டைக்குமிழ் ஏறி, நின்று, இறங்கியது. கடையே அவர் முகத்தைப் பார்த்தது. மெல்லத் தலையாட்டினார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. புளி லேசா எட்டிப் பாக்குது. கடைசில ஒரு சீரகம் வருது பாருங்க, அது சாதாரணமா வராது."

"சாதாரணமா வரும் சார்," என்றான் சுடலைமணி. "ரசத்துல."

"இவங்களுக்கெல்லாம் இது பிடிபடாதும்மா" என்று சொல்லிவிட்டுக் குணபாலன் கையெழுத்துப் போட்டார். குழாயில் முழுக் காற்று தொடர்ந்து இரைந்தது. ஜெயக்கொடிக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இவ்வளவு படித்த மனுசன், புளித்தண்ணியைக் குடித்துவிட்டு இது ஒயின் இல்லை என்று சொல்ல ஒரு வாய் இல்லையே என்று கைத்துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

குணபாலன் பையிலிருந்து தன் புட்டி ஒன்றை எடுத்தார். "நகரத்துலயே பேர்போனது. உணவகம்னு ஆனவங்களுக்கு நாங்க செய்யுற மரியாதை." அவள் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, ஒரு வாய் ஊற்றிவிட்டு, புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றார்.

ஜெயக்கொடி வாழ்நாளில் ஒயின் குடித்ததில்லை. மூக்கில் நனைந்த சாக்கு வாடை அடித்தது. வாயில் துரு ஆணி ஊறிய தண்ணீர். துப்பத் தொட்டியைத் தேடினாள். குணபாலனின் புருவம் உயர்ந்து காத்திருந்தது. லாரிக்காரர்கள் பரோட்டாவை மறந்து அவளையே பார்த்தார்கள். சுடலைமணி பெஞ்சுப் பட்டையை அவிழ்த்துவிட்டு, நன்றாகப் பார்க்க எம்பினான்.

விழுங்கினாள். கழுத்து தன் பாட்டுக்கு மேலும் கீழும் ஆடியது.

"நல்லாருக்கு சார்."

"ஐயாவுக்கும் ஒரு வாய்" என்று குணபாலன் கல்லுப் பக்கம் திரும்பினார். தவசிக்கனி கிண்ணத்தை வாங்கினான். அது வாய்க்குப் போவதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டான்.