பனிக்குள் கேட்ட பெயர்

எஸ்டேட் ஜீப் ஓட்டும் மனுவேலுக்கு அடிவாரத்தைத் தாண்டியதும் வாய் திறந்துகொள்ளும். அவருடைய பேச்சு எப்போதும் இந்தியக் கால்பந்து அணியைப் பற்றித்தான்.

முதல் கொண்டை ஊசி வளைவில், "நாப்பத்தெட்டு, லண்டன் ஒலிம்பிக்ஸ்! நம்ம ஆளுங்க நிறையப் பேரு வெறுங்கால்லயே ஆடுனாங்க கண்ணு!" என்பார். அடுத்த வளைவில் ஐம்பத்தொன்று, டெல்லி, ஆசியப் போட்டியில் தங்கம். அதற்கடுத்ததில் ஐம்பத்தாறு, மெல்போர்ன், ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம். பிறகு அறுபத்திரண்டு, ஜகார்த்தா, மறுபடியும் தங்கம்! அந்த வளைவில் மட்டும் ஹார்னை இரண்டு தடவை அழுத்துவார். அப்புறம் எழுபது, பாங்காக், வெண்கலம்.

அதோடு பேச்சு நின்றுவிடும். மலைப்பாதை மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கும்.

"அப்புறம் என்னாச்சுப்பா?" என்று மகள் லூர்துசெல்வி விடாமல் கேட்பாள்.

"இரு சாமி, கியரு மாத்தணும்."

"உலகக் கோப்பைக்கு நாம போகவே இல்லயா?"

"அம்பதுல கூப்புட்டாங்க. போகல. ஏன் போகலன்னு ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. அதுக்கப்புறம் போக முடியல."

கூப்பிட்டும் போகவில்லையா! செல்வியால் அதை நம்பவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிட்டாலே முதல் ஆளாகப் போய் உட்காருகிற பெண் அவள். உலகக் கோப்பையில் ஒரே ஒரு தடவை 'இந்தியா' என்ற பெயரைக் காதால் கேட்டுவிட வேண்டும். பத்து வயதில் அவளுக்கு இருந்த பெரிய ஆசை அதுதான்.

அது 1986, ஜூன் மாதம். மெக்சிகோவில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஏற்காட்டிலும் ஒன்று நடந்தது! காப்பிக்கொட்டை காய வைக்கும் களம் ஜூனில் சும்மாதான் கிடக்கும். எஸ்டேட் பிள்ளைகள் அதில் அணிக்கு நாலு பேராகப் பிரிந்து ஆடுவார்கள். ஜெயிக்கிற அணிக்கு ஒரு முழுப் பலாப்பழம் பரிசு.

பந்தும் குழந்தைவேலுடையது, பலாப்பழமும் அவன் தோட்டத்தது. ஆகவே அவன் வைத்ததுதான் சட்டம்.

"நான் பிரேசிலு. உனக்கு எந்த நாடு வேணும்?" என்று செல்வியைக் கேட்டான்.

"இந்தியா."

களமே சிரித்தது.

"இந்தியா எங்க வந்துச்சு உலகக் கோப்பைக்கு? ரேடியோவுல பேரே வரலயே!"

"இங்கயாச்சும் வரட்டுமேண்ணா!"

குழந்தைவேல் தாடையைச் சொறிந்தான். "சரி. எங்களை ஜெயிச்சா இந்தக் களத்துல எப்பவும் இந்தியா உண்டு. தோத்தா அந்தப் பேரையே எடுக்கக் கூடாது."

தோற்கப்போகிற அணிக்கு யார் வருவார்கள்? வேறு எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாத மூன்று பேர்தான் வந்தார்கள். பாவாயிக்குப் பந்தைக் கண்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். அற்புதத்துக்கு ஓடினால் விக்கல் வரும். மூக்கனுக்கு வயதே ஆறு.

சேர்வராயன் மலையில் கால்பந்து ஆடுவதற்கென்று தனியாக ஒரு சட்டம் உண்டு. பனி இறங்கினால் அவரவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காப்பிப் பழம் பறிப்பவர்கள் பனிக்குள் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பதைப்போல, தங்கள் நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். யார் முதலில் நகர்கிறாரோ, அவருடைய அணிக்குத் தோல்வி. போன வருஷம் ஒருவன் பனியோடு பனியாகப் பந்தைக் கையில் தூக்கிப்போய்க் கோலுக்குள் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது.

சின்னப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நகர வைக்கிற தந்திரமும் அந்தக் களத்தில் உண்டு. அதனால் செல்வி மூக்கனிடம் தனியாகச் சொல்லி வைத்தாள்.

"பனிக்குள்ள யாரு உன் பேரைச் சொன்னாலும் வாயத் தொறக்காத. 'இந்தியா'ன்னு கூப்புட்டா மட்டும் 'இந்தியா'ன்னு சொல்லு. நகரவே கூடாது, என்ன?"

"செரிக்கா."

ஆட்டம் தொடங்கியது. பிரேசில் ஒரு கோல் போட்டது. கொஞ்ச நேரத்தில் பந்து மூக்கனின் முழங்காலில் பட்டு எதிர்க் கோலுக்குள் போனது. வலிக்கிறது என்று அழுதவன், "டேய், கோலுடா!" என்று பாவாயி கத்தியதும் பாதி அழுகையிலேயே சிரித்தான். அடுத்த கோல் போடுகிறவர்களுக்கு வெற்றி என்று முடிவானது.

செல்வியின் காலுக்குப் பந்து வந்தது. எதிரே கோல் காலியாகக் கிடந்தது. காலைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்தா பனி இறங்க வேண்டும்!

எல்லாரும் நின்றார்கள். தன் கால் விரலே அவளுக்குத் தெரியவில்லை. நின்றால் போதும். பனி விலகியதும் ஒரு தட்டு, இந்தியா ஜெயித்துவிடும்!

"பிரேசில்!" என்று நாலு குரல்கள் கேட்டன.

"இந்தியா!" என்றாள் பாவாயி. "இந்... ஹிக்... தியா!" என்றான் அற்புதம். செல்வியும் சொன்னாள். நாலாவது குரல் வரவில்லை.

களத்தின் ஓரத்தில், தரையோடு தரையாக, காப்பிப் பழம் கழுவும் தொட்டி இருக்கிறது. மழையில் அது விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் பலாப்பழத்தை வைத்திருந்தார்கள். மூக்கனுக்கு அரைக் கண் எப்போதும் பலாப்பழத்தின் மேல்தான்!

 பந்து செல்வியின் காலடியில்தான் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, கைகளால் துழாவிக்கொண்டே தொட்டிப் பக்கம் நடந்தாள்.

"இந்தியா! இந்தியா!" என்று கத்தினாள். அந்த ஒற்றைக் குரலைப் பனி அமுக்கிவிட்டது. பதில் இல்லை.

"யாரது நகர்றது?" என்றான் குழந்தைவேல்.

"நான்தான்! மூக்கனைக் காணோம்!"

"ஐயோ, தொட்டி! மூக்கா! டேய் மூக்கா!"

"பேரைச் சொன்னா பேச மாட்டாண்ணா! நான்தான் சொல்லி வெச்சேன். எல்லாரும் சேந்து இந்தியான்னு கூப்புடுங்க!"

"இந்தியா!" என்று முதலில் கத்தியவன் குழந்தைவேல்தான். பிரேசில் முழுக்கக் கத்தியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அர்ஜென்டினாவும் ஜெர்மனியும் சேர்ந்து கத்தின. "இந்தியா! இந்தியா!"

பனிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது. "இந்தியா!"

செல்வி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போனாள். தொட்டியின் விளிம்பில் கைகளைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றான் மூக்கன். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் தண்ணீர். அவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நகரக் கூடாதுன்னு சொன்னீல்லக்கா? பழத்தப் பாக்க வந்தேன், பனி வந்துருச்சு. அப்புறம் நான் நகரல" என்றான் அவன்.

பனி விலகியபோது, காலி கோலுக்கு எதிரே பந்து வைத்தது வைத்தபடி கிடந்தது. செல்விக்குக் கண் கலங்கியது.

"நான்தான் முதல்ல நகந்தேன். தோத்துட்டோம். இனி அந்தப் பேரை எடுக்க மாட்டேன்" என்றாள்.

குழந்தைவேல் தொண்டையைத் தடவினான். குரல் கம்மிப்போயிருந்தது. "சட்டப்படி நீ தோத்ததுதான். ஆனா அந்தப் பேரை இன்னிக்கு நொம்பச் சத்தமா கத்துனது நானாக்கும். எடுக்கக் கூடாதுன்னு எந்த வாயால சொல்றது? அடுத்த வருசமும் இந்தியா ஆடட்டும். பலாப்பழம் மட்டும் பிரேசிலுக்குத்தான்!"

பழத்தை வெட்டியதும் முதல் சுளைகளை மூக்கன் கையில் கொடுத்தவனும் அவன்தான்.

சாயங்காலம் மனுவேல் வீட்டு ரேடியோவில் செய்தி வந்தது. காலிறுதிக்கு வந்த நாடுகளின் பெயர்களைச் சொன்னார்கள். பிரேசில், பிரான்ஸ், அர்ஜென்டினா, இங்கிலாந்து... செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டாள். பட்டியல் முடிந்தது.

"இந்தியா!" என்று உரக்கச் சொன்னான் பக்கத்தில் நின்றிருந்த மூக்கன். அவன் வாய் நிறையப் பலாச்சுளை.

மனுவேல் திரும்பிப் பார்த்தார். "யாரும் கூப்புடலயேடா சாமி?"

"கூப்புடுவாங்க மாமா. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

செல்வி தன் பங்குச் சுளையையும் அவனிடம் கொடுத்துவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.