ஏழாம் நம்பர் கொட்டகையிலிருந்து ஓர் அழைப்பு

பேய்க்குப் பயந்து அரசாங்கத்துக்கு மனு எழுதிய ஆட்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அருமனை டாக்சி ஸ்டாண்டில் ஒரு கூட்டமே இருந்தது. சொன்னதை எல்லாம் அழகாக எழுதிக் கொடுத்தவள் ஆறாம் வகுப்புப் படிக்கும் சபிதா. டிரைவர் சுயம்புராஜின் மகள். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருடைய கையெழுத்தும் கோழி கிளறியது போல இருக்கும். அதனால் அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். வாடகைக் கார்களுக்குப் புது விதிகள் வரப்போகின்றன. திங்கட்கிழமை மாலை பஞ்சாயத்து மண்டபத்தில் கூட்டம், யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஒன்பதாவது விதி இப்படிச் சொன்னது: பஞ்சாயத்து எல்லைக்குள் எந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலும் வண்டி போயே ஆக வேண்டும்.

"எந்த இடம்னாலுமா? அது நடக்காது பிள்ளே," என்றார் சங்கத் தலைவர் பகவதியப்பன். "ரப்பர் தோட்டத்துல இருக்க ஏழாம் நம்பர் கொட்டகைக்கு மட்டும் போகமாட்டோம்னு எழுது."

"அங்க என்ன மாமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "போன்ல ஒரு பொம்பளை கூப்பிடும். போய் ஹாரன் அடிச்சா ஒரு ஆளும் இருக்காது. திருப்பிக் கூப்பிட்டா போன் போகாது. போன மாசம் வண்டியத் திருப்புனேன், கேட்டியா, மரத்துக்கு மேல இருந்து அழுகை. மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தேன்."

சபிதாவுக்கு முதுகு சிலிர்த்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் அப்பா அவளை டியூஷனிலிருந்து காரில் கூட்டி வந்துகொண்டிருந்தார். மழை மூட்டம். அப்போது போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"வண்டி வேணும்... ஏழாம் நம்பர் கொட்டகை... நில்லு..."

அவ்வளவுதான். குரல் அறுந்துவிட்டது. அப்பா திருப்பி அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அவர் முகம் வெளுத்தது.

"வீட்டுக்குப் போவோம் மக்கா."

"பேய்க்கு எதுக்குப்பா கார்? அதுக்குப் பறக்கத் தெரியாதா?"

அப்பா முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் பாதி வெளிச்சம் காணாமல் போயிற்று. பனி மூட்டத்தில் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. கொட்டகை வாசலில் கயிறு கட்டி, வெள்ளை வெள்ளையாக ஏதேதோ தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரப்பர் ஷீட்டை உலரப் போட்டிருக்கிறார்கள் என்று சபிதாவுக்குத் தெரியும். தெரிந்தும் அப்பாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்பா ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. இரண்டு நிமிடம் ஆனது.

"பாத்தாச்சு. போவோம்."

"நில்லுங்கப்பா. அதுவும் நில்லுன்னுதானே சொல்லிச்சு."

"அதனாலதான் போவோம்னு சொல்லுதேன்."

"எனக்காக நில்லுங்கப்பா."

பத்து நிமிடம் போயிற்று. மேலே எங்கோ ஒரு கல் உருண்டது. பிறகு இன்னொன்று. பிறகு மூச்சு வாங்கும் சத்தம், மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது. காற்றே இல்லை, ஆனால் தொங்கிய வெள்ளைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளை மட்டும் அசைந்து முன்னால் வந்தது.

அப்பா சாவியைத் திருகினார். சபிதா கண்ணை மூடப் போனவள், தரையைப் பார்த்துவிட்டாள். பேய்க்குக் கால் கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இதற்குச் சேறு பூசிய இரண்டு கால்கள் இருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை.

"போயிராதீங்கண்ணா," என்றது குரல்.

தூறலுக்காக வெள்ளைச் சாக்கைத் தலையில் போட்டிருந்த ஒரு பெண். எட்டு மாத வயிறு. பெயர் நேசபாய். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் வேலை; குடியிருப்பதும் அந்தக் கொட்டகையில்தான். கணவர் குவைத்தில் இருக்கிறார். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"இங்க சிக்னல் கெடையாது. பாறைக்கு மேல ஏறித்தான் கூப்பிடணும்," என்றாள் அவள், காரில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி. "நான் இறங்கி வர அரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள வண்டி வந்து போயிருது."

"அப்போ போன மாசம் அழுதது நீங்களாக்குமா அக்கா?"

"ஆமா பிள்ளே. பாதி இறங்கும்போ வண்டி திரும்புத சத்தம் கேட்டுது. அங்கேயே உக்காந்து அழுதேன்."

சபிதாவுக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையெழுத்தில்தானே அந்த மனு இருக்கிறது? அதை ஏற்றுக்கொண்டால், நேசபாய் அக்காவுக்கு வலி எடுக்கும் நாளில்கூட ஒரு வண்டியும் வர வேண்டியதில்லை.

"அக்கா, திங்கட்கிழமை நீங்க மண்டபத்துக்கு வரணும். அப்பா வந்து கூட்டிட்டுப் போவாங்க," என்றாள். அப்பா தலையசைத்தார்.

திங்கட்கிழமை அதிகாரி மனுவை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அந்தக் கொட்டகையில் யாராவது குடியிருக்கிறார்களா?"

"மனுஷர் ஆரும் இல்ல சார்," என்றார் பகவதியப்பன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வண்டி வேணும்."

டிரைவர்கள் அத்தனை பேரும் உறைந்து போனார்கள். பகவதியப்பன் கழுத்தைத் திருப்பவே இல்லை. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"பயப்படாதீங்க மாமா. நேசபாய் அக்காவாக்கும்," என்று சபிதா எழுந்தாள். பாறை, சிக்னல், அரை மணி நேரம், எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த மனுவ எழுதுனது நான்தான் சார். தெரியாம எழுதிட்டேன். ஒன்பதாவது விதியில இன்னும் ஒரு வரி வேணும். சிக்னல் இல்லாத இடத்துல இருந்து கூப்பிட்டா, டிரைவர் அரை மணி நேரம் காத்து நிக்கணும்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பகவதியப்பன் மெதுவாகத் திரும்பினார். நேசபாயின் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் ரெண்டு நிமிஷம்தான் நின்னேன்," என்றார். மேஜைக்குப் போய் மனுவை எடுத்து, தன் கையாலேயே கொட்டகை பற்றிய வரியை அடித்தார்.

பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு நேசபாயிடம் வந்தார்.

"கொட்டகைக்கு நானே கொண்டு விடுதேன். சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லி முடிச்சிட்டு மெதுவா வா, மக்கா. நான் வெளிய நிக்கேன்."