மாலைத் திருத்தம்

சரவணம்பட்டி அடுக்ககத்தில் பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான் நடக்கும். தாய், தகப்பன் இருவரில் யாருக்குக் குரல் கம்பீரமாக இருக்கிறதோ அவர் கூடத்துத் திரைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அதற்கு மாலைத் திருத்தம் என்று பெயர். ஏழாவது மாடியில் அந்தக் கம்பீரம் தில்லைநாயகத்திடம் இருந்தது. அதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

திரையில் மகள் இளவெயினியின் நிழலி வந்து நின்றது. அதே முகம், அதே ஒற்றைச் சடை, புருவத்துக்கு மேலே அதே தழும்பு.

"இன்னிக்கு என்ன கண்ணு பண்ணினே?"

"காலையில கணக்குப் பாடம் பார்த்தேங்கப்பா. பாதியில எந்திரிச்சுப் போய் பால்கனியில நின்னுட்டேன். அம்மா கூப்பிட்டதுக்குக் கத்தினேன். மத்தியானம் சுவத்துல டம்ளரை வீசினேன்."

தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பால்கனியில நின்னது வானிலை பார்க்க. கத்தினேன்னு வேண்டாம், கருத்து வேறுபாடுன்னு வச்சுக்க. டம்ளர்..." கொஞ்சம் யோசித்தார். "எறிபொருளின் பாதை. செய்முறைப் பயிற்சி."

"சரிங்கப்பா. எறிபொருளின் பாதையைச் செய்து பார்த்தேன்," என்றது நிழலி. சொன்ன கையோடு அதன் முகத்தில் அறிவியல் ஆர்வம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. டம்ளரை வீசிய நிஜ இளவெயினி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடங்களை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் இல்லக்கல்விதான். வீட்டில் படிக்கிறார்களா, விட்டத்தைப் பார்க்கிறார்களா என்று தெரிய வேண்டுமே என்பதற்காக அரசு வீட்டுக்கு வீடு கேமரா வைத்தது. கேமரா கண்டதையெல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு ஒரு நிழலி உண்டாக்கியது. பாடம் கேட்பது, தேர்வு எழுதுவது, மதிப்பெண் வாங்குவது எல்லாம் நிழலியின் பொறுப்பு. பிள்ளை சும்மா வளர்ந்தால் போதும். ஆரம்பத்தில் நிழலிகள் உண்மையைச் சொல்லிவிட்டன. விளைவாக, மாநிலம் முழுக்க ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை.

பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். பிள்ளையைப் பற்றி ஒரு இயந்திரம் என்ன சொல்வது, பெற்றவர்களுக்குத் திருத்தும் உரிமை வேண்டும் என்றார்கள். அதற்காகக் காலைச் சிற்றுண்டி முடிந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் உண்ணாவிரதம் இருந்தவர்களில் தில்லைநாயகம் முதல் வரிசை. உரிமை கிடைத்தது. அடுக்ககச் சங்கம் அவருக்கு 'இல்லக்கல்விச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தது. சங்கத்துக்கு அப்போது தலைவர் யார் என்று கேட்பது மரியாதையில்லை.

பதினைந்து வயது முடிந்தால் மட்டும் விதி வேறு. அதற்குமேல் இரண்டு வருஷம் நேரலை வகுப்பு. உயிருள்ள ஆசிரியர் ஒருவர், உயிருள்ள பிள்ளைகள் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் திரையில். நிழலிக்கு அங்கே இடமில்லை. அதை முடிக்காவிட்டால் கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. இடமோ குறைவு, ஒருமுறை தவறினால் வயது தாண்டிவிடும். மகளுக்கு அந்த வயது வந்ததும் தில்லைநாயகம் மனு போட்டதற்கு இதெல்லாம் காரணம். இளவெயினிக்கு வேறு காரணம் இருந்தது.

"நடுவுல இடைவேளை விடுவாங்களாப்பா?"

"பத்து நிமிஷம் விடுவாங்க. எதுக்கு?"

"அப்ப பேசிக்கலாமா? மத்தவங்ககூட?"

"எவங்ககூட?"

"என் வயசுல இருக்கறவங்ககூட." தன் வயதுப் பிள்ளைகளை அவள் லிஃப்டில்தான் பார்த்திருக்கிறாள். லிஃப்டிலும் கேமரா உண்டு என்பதால் பெற்றவர்கள் பிள்ளைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்திவிடுவார்கள்.

"பேசட்டும் விடுங்க," என்றாள் வசுமதி. அவள் இளவெயினியின் அம்மா. கம்பீரம் இல்லாத காரணத்தால் அந்த வீட்டில் உண்மை பேசுகிறவள். "சண்டை போடக்கூட அவளுக்கு ஆள் இல்லைங்க. எத்தனை வருஷம்தான் என்கூடவே போடுவா?"

சேர்க்கை நேர்காணல் அன்று தில்லைநாயகம் பட்டுச் சட்டையில் திரைமுன் நின்று, இல்லமே பல்கலைக்கழகம் என்று உரையைத் தொடங்கினார். சேர்க்கை அலுவலர் ரெஜினா, நிஜமான மனுஷி, சளி பிடித்திருந்தது. "சார், கொஞ்சம் ஒதுங்குங்க. பொண்ணு தெரியலை," என்றார்.

பெண் தெரிந்தாள்.

"கோபம் வந்தா என்னம்மா செய்வே?"

"கையில இருக்கறதை வீசுவேன்."

"பிடிச்ச பாடம்?"

இளவெயினி ரொம்ப நேரம் யோசித்தாள். "ஒண்ணும் இல்லைங்க. படம் வரைவேன். பஸ் மட்டும்தான். உள்ளே யார் யார் பக்கத்துல யார் யார் உக்காந்திருக்காங்கன்னு."

ரெஜினா மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை தன் நிழலியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் பொருத்தக் கோடு திரையின் அடியில் சிவந்து தரையோடு தரையாகக் கிடந்தது. "சார், வாடகைப் பிள்ளையா?"

நேரலை வகுப்பில் இடம் பிடிக்கக் கெட்டிக்காரப் பிள்ளைகளை வாடகைக்கு அமர்த்தித் தன் பிள்ளை என்று உட்கார வைப்பது நாட்டில் நடக்கிற காரியம்தான். தில்லைநாயகமே அதைக் கண்டித்து மூன்று மேடைகளில் பேசியிருக்கிறார்.

"என்ன மேடம் இது. இவ என் பொண்ணு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"கருவிழியைப் பாருங்க. கைரேகை பாருங்க."

"எல்லாம் பொருந்துது சார். அது உடம்புக்கு. இது ஆளுக்கு. உங்க பொண்ணு இத்தனை வருஷத்துல ஒரு தடவை கோபப்பட்டதில்லை. எட்டுப் பாடம் பிடிக்கும். வானிலை ஆய்வுல ஈடுபாடு. இந்தப் பிள்ளை யாருன்னே தெரியலையே."

வசுமதி முன்னால் வந்தாள். "இவ்வளவு மோசமாப் பதில் சொல்ற பிள்ளையை யாராவது வாடகைக்குக் கூட்டிட்டு வருவாங்களா மேடம்?"

ரெஜினா யோசித்தார். "நியாயந்தான். ஆனா அதுக்கு விதி இல்லைங்களே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வழி இருக்கு. திருத்தம் பூராவும் பொய்யின்னு சார் ஒத்துக்கிட்டா நிழலியை ரத்து பண்ணிடுவோம். ஆனா நிழலி படிச்சதும் சேர்ந்து ரத்தாகும். பொண்ணு பள்ளிப் படிப்பே இல்லாத கணக்கு. இல்லைன்னா அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. உங்க பொண்ணு உங்க பொண்ணு மாதிரி இருக்கணும்."

இளவெயினி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அந்தப் பார்வைக்குப் பொருள். ஆயிரம் பேர் கூட்டத்தில் தடுமாறாத தில்லைநாயகத்தின் நாக்கு அன்று சொன்னது இவ்வளவுதான்: "இன்னிக்கு அவளுக்கு உடம்பு சரியில்லைங்க மேடம்."

மறுநாளிலிருந்து மாலைத் திருத்தம் தலைகீழாயிற்று. திரையில் நிழலி பேசும். பக்கத்தில் இளவெயினி நின்று அதைப் போலச் செய்வாள். நாற்காலியில் அப்பா.

"அது நான் இல்லைங்கப்பா."

"ஒரு மாசந்தான் கண்ணு. உள்ளே போயிட்டா அப்புறம் நீ நீயாவே இருந்துக்கலாம்."

"உள்ளே போனது அதுதானேப்பா, நான் இல்லையே?"

பதில் இல்லாத இடங்களில் அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்; முதுகை நிமிர்த்தச் சொன்னார்.

முதல் வாரம் அவள் அழுதாள். "கண்ணைத் துடை கண்ணு, நிழலி அழுததே இல்லை," என்றார். இரண்டாம் வாரம் கதவை அறைந்தாள். மூன்றாம் வாரம் கதவை மெதுவாகச் சாத்தினாள். அது வசுமதிக்குத்தான் முதலில் உறைத்தது.

"பஸ் வரையறதில்லையா இப்பெல்லாம்?"

"பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன் அம்மா," என்றாள் மகள், சுத்தமான உச்சரிப்பில்.

வசுமதி சமையலறைக்குப் போய் அங்கே ஒரு வேலையும் இல்லாமல் நின்றாள். இரவு கணவனிடம், "போதுங்க. படிக்காட்டிப் போறா. அவளை விட்டுடுங்க," என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"யார் வந்தாங்க?"

இரண்டாம் நேர்காணலில் பொருத்தக் கோடு பச்சைப் பசேல் என்று எழுந்து நின்றது. "இப்பத்தான் உங்க பொண்ணு," என்றார் ரெஜினா, மனம் நிறைந்து. சேர்க்கை உறுதியானதும் விதிப்படி நிழலியை நீக்கி, அதன் பதிவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்தானே இருக்க முடியும். திரை வெறுமையாயிற்று. அன்று மாலை தில்லைநாயகம் பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார்.

முதல் நாள் வகுப்பு. கதவிடுக்கில் அவர் நின்றார். ஒட்டுக்கேட்பதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தார். இருபது கட்டங்களில் இருபது பிள்ளைகள். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் பொருத்தக் கோடு. நேர்காணலோடு அது முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். முடியவில்லை. வகுப்பு நெடுக ஓடிக்கொண்டேயிருந்தது, இரண்டு வருஷமும் ஓடும்.

ஆசிரியர் கேட்ட கேள்விக்கெல்லாம் இருபது பேரும் சரியாகப் பதில் சொன்னார்கள். உயிருள்ள ஆசிரியர் ஆனபடியால் அவர் முகம் போகப் போக வாடியது. "இடைவேளை. ஏதாவது பேசிக்கங்க," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

யாரும் பேசவில்லை. அவரவர் வீட்டில் தேர்ந்தெடுத்துக் கொடுத்த புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இளவெயினி திரையை நெருங்கினாள். "யாராவது பேசலாமா?"

"கலந்துரையாடல் சிந்தனையை வளர்க்கும்," என்றான் ஒரு பையன்.

"ஆம், வளர்க்கும்," என்றார்கள் இன்னும் இரண்டு பேர்.

அப்போது ஓரக் கட்டத்தில் மூக்குத்தி போட்ட ஒரு பெண் வாயைப் பிளந்து பெரிதாகக் கொட்டாவி விட்டாள். விட்டுவிட்டுத் தானே சிரித்தாள். "எனக்கு ரொம்ப போரடிக்குதுப்பா. உங்களுக்கு அடிக்கலையா? உன் பேர் என்ன?" அவள் இளவெயினியைத்தான் பார்த்துக் கேட்டாள்.

இளவெயினியின் கை தானாக உயர்ந்து அந்தக் கட்டத்தை நோக்கிப் போனது. உதடு பிரிந்தது. மூக்குத்திப் பெண்ணின் கோடு சிவந்தது. கட்டம் இருண்டது. 'வாடகைப் பிள்ளை: விசாரணையில்' என்று எழுத்து வந்தது.

இளவெயினியின் கை இன்னும் காற்றில் நின்றது. அவள் கட்டத்தின் அடியில் கோடு மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"கையை இறக்கு கண்ணு," கதவுக்குப் பின்னால் தில்லைநாயகத்தின் உதடுகள் முணுமுணுத்தன. "இறக்கிடு. இறக்கிடு."

இறக்கினாள். கோடு பச்சையாயிற்று. தில்லைநாயகம் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சின் சத்தம் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வகுப்பு முடிந்து மகள் கூடத்துக்கு வந்தாள். புன்னகையும் கூடவே வந்தது.

"முடிஞ்சுது கண்ணு. அணைச்சாச்சு."

"தெரியும் அப்பா."

"இனிமே சிரிச்சுட்டே இருக்க வேண்டாம்."

"நான் சிரிக்கவில்லை அப்பா."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவள் சொன்னது மெய்தான். முகமே அப்படித்தான் இருந்தது. "அந்தப் பொண்ணு பாவம்ல, மூக்குத்தி போட்டிருந்தது," என்று சொல்லிப் பார்த்தார்.

"விதிமுறைகள் எல்லோருக்கும் பொது."

வசுமதி சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மகளின் முழங்கைக்கு மேலே பிடித்துக் கிள்ளினாள். இளவெயினி குழந்தையாக இருந்தபோது இவ்வளவுக்கே ஊரையே கூட்டியிருப்பாள்.

"வலிக்குதாடி?"

"சிறிது வலிக்கிறது அம்மா." கையை இழுத்துக்கொள்ளாமல், அம்மா முடிக்கட்டும் என்று பொறுமையாக நின்றாள்.

வசுமதி விடவில்லை. நகம் பதிய இன்னும் இறுக்கினாள். கிள்ளியவளின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. தில்லைநாயகம் தடுக்கவில்லை. மகள் ஒருமுறை கத்திவிட மாட்டாளா என்று அவரும் பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தார்.