முடிச்சுப் போட்ட நூல்

நூல் எட்டவில்லை.

லிங்கம்மாள் எக்ஸ்ரே படத்தை ஜன்னலின் சாயங்கால வெயிலுக்கு நேராகப் பிடித்து, நூலை மறுபடி வைத்துப் பார்த்தாள். தறிக்காரிக்கு எதையும் நூலால் அளந்தால்தான் மனசு ஆறும். புருஷன் சென்னகேசவனின் நெஞ்சுக்குள் தெரிந்த வெள்ளைத் திட்டை அளந்து, மூன்று மாதத்துக்கு முன்பு அவளே முடிச்சுப் போட்டு, தாலிக்கொடியின் ஊக்கில் மாட்டி வைத்திருந்த நூல் அது. இன்று திட்டு முடிச்சைத் தாண்டி நின்றது.

பாவி மனுசன் பட்டது கொஞ்சமா? காசநோய் என்று ஆறு மாதம் ஊசி குத்தினார்கள். பிறகு மதுரையில் தொண்டைக்குள் குழாய் விட்டுச் சதை கிள்ளிப் பார்த்து, புற்று என்றார்கள். அவரிடம் சளிக்கட்டி என்று பொய் சொல்லித்தான் முப்பது தடவை கதிர்வீச்சுக் கரண்டு வைக்கக் கூட்டிப் போனாள். காரியாபட்டி ரோட்டுப் பள்ளமெல்லாம் அவள் இடுப்புக்கு மனப்பாடம். ஒருநாள் பஸ்ஸில், அலுத்துப்போய், “இந்த எழவு எனக்கு வந்து தொலைஞ்சிருக்கலாம்” என்று வாய்விட்டே சொன்னாள்.

நேற்றுப் புதுப் படம் எடுத்தார்கள். வரிசையில் ஒருத்தி தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாள். “தங்கம் படத்துல வெள்ளையா விழும்மா” என்று நர்ஸ் கெஞ்சினாள். சென்னகேசவனின் படத்தைப் பார்த்த டாக்டர், “பாதி கரைஞ்சிருச்சு” என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் வீட்டிலிருந்த பழைய படத்தை, அன்று நூல் வைத்து அளந்த அதே படத்தை, இன்று எடுத்தாள்.

பக்கத்து அறையில் அவர் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்கிற சத்தம். கஞ்சிப் பசை வாடை கூட அவளுக்கு நன்றாயிருந்தது.

“லிங்கம்மா, பாத்தியா? இருமலே வரலை.”

“இந்தா வாரேன்.”

தொண்டையில் ஏதோ கரகரத்தது. பஞ்சுத் தூசியாக இருக்கும். இருமினாள்.

படத்தில் விலா எலும்புகள் குலுங்கின.

கை நடுங்கியதால் என்று நினைத்தாள். படத்தை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுக் கையை எடுத்தாள். மூச்சு விட்டாள். எலும்புகள் தாழ்ந்தன. மூச்சை நிறுத்தினாள். எலும்புகளும் நின்றன.

திட்டுக்கு மேலே ஏதோ புதிதாக வெளுத்தது. மெல்லிய கொடி. இரண்டு பொட்டு. பக்கத்தில் ஓர் ஊக்கு.

தறி நிற்காமல் ஓடியது.

அவள் கை தானாகத் தன் தாலியை இறுகப் பிடித்தது.

படத்துக்குள், கீழிருந்து ஐந்து வெள்ளை விரலெலும்புகள் ஏறி வந்து, அந்தக் கொடியைப் பற்றின.